கப்பல் சாப்பாட்டு மேசைக்கு வேட்டி கட்டிப் போகலாமா?

உல்லாசக் கப்பல்களில் 'ஃபார்மல் நைட்' என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு வாரப் பயணம் என்றால் அதில் ஒன்றோ இரண்டோ ராத்திரி. பகல் முழுக்க அரை டிராயரும் பனியனுமாக நீச்சல் குளத்துப் பக்கம் கிடந்தவர்கள், பொழுது சாய்ந்ததும் அறைக்கு ஓடிப்போய்க் குளித்து, ஆண்கள் கறுப்புக் கோட்டும் போ டையுமாக (கழுத்தில் பட்டாம்பூச்சி உட்கார்ந்த மாதிரி இருக்குமே, அது), பெண்கள் தரையைத் தொடும் கவுனுமாக வெளியே வருவார்கள். கேப்டன் சீருடையில் நின்று கை கொடுப்பார். போட்டோ எடுப்பார்கள். அப்புறம்தான் சாப்பாடு. கோட்டு இல்லாதவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மேல்தளத்தில் பஃபே இருக்கும், அங்கே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் பெரிய சாப்பாட்டுக் கூடம் அன்றைக்கு அவருக்கு இல்லை.

நடுக்கடலில், சுற்றி மீனைத் தவிர யாருமே இல்லாத இடத்தில், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எதற்கு இவ்வளவு ஜோடனை? கேட்கச் சின்னக் கேள்விதான். பதில் தேடிப் போனால் அது லண்டனில் ஆரம்பித்து, மதுரை மேலமாசி வீதி வழியாக, சென்னை சேப்பாக்கத்தில் வந்து நிற்கிறது.

முதலில் அந்தக் கோட்டின் கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய மேல்தட்டு ஆண்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின்பக்கம் வால் தொங்கும் கோட்டு போட்டுக்கொண்டுதான் உட்காருவார்கள். வீட்டில் தனியாகச் சாப்பிட்டாலும் அப்படித்தான். இந்த வாலை வெட்டிய பெருமை, பின்னாளில் ஏழாம் எட்வர்டு ஆன வேல்ஸ் இளவரசருக்குப் போகிறது. 1875இல் அவர் இந்தியாவுக்குச் சுற்றுப்பயணம் வந்தார். கொழும்பிலிருந்து தூத்துக்குடியில் இறங்கி, மதுரை, திருச்சி வழியாகச் சென்னைக்குப் போனார். அவர் வந்த கப்பலின் பெயர் 'செராபிஸ்'. அதில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாலில்லாத குட்டைக் கோட்டு போதும் என்று அவரே வழக்கத்தை மாற்றினார். பத்து வருடம் கழித்து நியூயார்க் பக்கத்தில் டக்ஸீடோ பார்க் என்ற பணக்காரர் குடியிருப்பு 1886இல் ஆரம்பமானது. அங்கே இந்தக் குட்டைக் கோட்டு பிரபலமாகி, 'டக்ஸீடோ' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு வேடிக்கை. இந்த உடையில் கோட்டுக்குள்ளே இடுப்பைச் சுற்றி ஒரு பட்டுத்துணி கட்டுவார்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'கம்மர்பண்ட்' என்று பெயர். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த 'கமர்பந்த்'தான் அது. கமர் என்றால் இடுப்பு, பந்த் என்றால் கட்டு. நம்ம ஊர் இடுப்புக் கச்சை! இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள், வெயிலுக்கு வெயிஸ்ட்கோட்டு தாங்காமல் இதைக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். செங்கடல் பக்கம் கப்பலில் போகும்போது புழுக்கம் தாங்காமல் கோட்டையே கழற்றிவிட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், இந்தக் கச்சை மட்டுமாகச் சாப்பிட உட்காரும் வழக்கமும் வந்தது. ஆக, 'சுத்தமான மேற்கத்திய' உடை என்று நாம் நினைப்பதன் நடுவிலேயே நம் ஊர்க் கச்சை உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைக்காரர் இடுப்பில் ஏறினால் அது ஃபார்மல். நம் பல்லக்குத் தூக்கி இடுப்பில் இருந்தபோது அது வெறும் கச்சை!

அந்தக் காலக் கப்பல்களில் முதல் வகுப்புக்காரர்கள் அநேகமாகத் தினமுமே இப்படி உடுத்தித்தான் சாப்பிட்டார்கள். கப்பல் ஏறின முதல் ராத்திரியும் இறங்குவதற்கு முந்தின ராத்திரியும் மட்டும் விலக்கு, பெட்டிகள் கட்டுப்பட்டுக் கிடக்கும் என்பதால். 1912இல் 'டைட்டானிக்' மூழ்கியபோது பெஞ்சமின் குகன்ஹைம் என்ற கோடீஸ்வரர் உயிர்காக்கும் சட்டையைக் கழற்றிவிட்டு ராத்திரி உடைக்கு மாறிக்கொண்டு சாவுக்குக் காத்திருந்தார் என்று உயிர் பிழைத்த பணியாளர் ஒருவர் சொன்னார். 'நான் யார்' என்று காட்டும் அடையாள அட்டை அந்த உடை. அதைச் சாகும்போதும் கீழே வைக்க மனசில்லை.

வட்டக்கானலும் கிளப்பும்

கடல் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது திடீரென்று பழனி மலை எதற்கு என்று கேட்காதீர்கள். கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் அந்தக் கோட்டோடு ஏறி வந்த இடம் இது.

மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் வெயிலுக்கும் நோய்க்கும் ஆட்களைப் பறிகொடுத்த பிறகு, 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1875இல் அடிவாரத்துப் பக்கம் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. (இன்றைய கொடை ரோடு ஸ்டேஷன் அதுதான்.) பஸ் ரோடு வருவதற்கு முன்னால், துரைகளும் துரைசாணிகளும் நாற்காலி டோலியில் உட்கார, நம்ம ஆட்கள் தோளில் சுமந்து மலையேற்றினார்கள். அவர்களின் பெட்டிகளும் அதே தோள்களில்தான் ஏறின. இஸ்திரி போட்ட கோட்டுகளும் அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருந்திருக்கும். 1887இல் கொடைக்கானல் கிளப் ஆரம்பமானது.

ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு சௌகரியம் உண்டு. அங்கே கோட்டு நிஜமாகவே தேவைப்படும். சென்னையில் மே மாதம் கோட்டு போட்டால் அது அந்தஸ்துக்காக. கொடைக்கானலில் போட்டால் குளிருக்காகவும்தான். அதனால்தானோ என்னவோ, மலை ஊர்களில் இந்த உடை வழக்கம் அவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டது. நம்ம ஊர்ப் பெரியவர்களைப் பாருங்கள், வேட்டிக்கு மேலே ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர், தலையில் குரங்குக் குல்லா. குளிரைத் தாங்க இது போதும். கிளப்புக்குள் நுழையத்தான் அந்தக் காலத்தில் இது போதாது!

அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டரில் வட்டக்கானல். டால்பின் நோஸுக்குப் போகிற வழி. இஸ்ரேலிலிருந்து கட்டாய ராணுவ சேவை முடித்த இளைஞர்கள் இங்கே வந்து தங்கித் தங்கி, 'குட்டி இஸ்ரேல்' என்று பெயரே வந்துவிட்டது. தொளதொள பேண்ட், கம்பளிப் போர்வை, வெறுங்கால், இதுதான் அவர்கள் உடுப்பு. வருடக்கணக்கில் யூனிஃபார்மில் இருந்தவர்களுக்கு, எதை வேண்டுமானாலும் போடலாம் என்பதே விடுமுறை போல. டீக்கடையில் யாரும் யாரையும் உடையைப் பார்த்து நிறுத்துவதில்லை. ஒரே மலையில் இரண்டு உலகம். ஒன்றில் வாசலில் விதி நிற்கிறது, இன்னொன்றில் வாசலே இல்லை.

கப்பலேறிய இரண்டு பேர்

அந்த விதி நம்ம ஆட்களை என்ன செய்தது? இரண்டு பேரைப் பார்ப்போம்.

1888 செப்டம்பர் 4. பம்பாயிலிருந்து பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறுகிறான். பெயர் மோகன்தாஸ் காந்தி. கப்பலில் கறுப்பு சூட் போட்டிருந்தான். ஆனால் சாப்பாட்டு மேசைக்குப் போகவே கூச்சம். முள்கரண்டி, கத்தி பிடிக்கத் தெரியாது. எதில் கறி இருக்கிறது என்று கேட்கவும் தைரியம் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் தன் அறையிலேயே சாப்பிட்டுக் காலம் தள்ளினான். இறங்கும்போது நல்ல தோற்றமாக இருக்கட்டும் என்று, பத்திரமாக வைத்திருந்த வெள்ளை ஃபிளானல் சூட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். இறங்கிப் பார்த்தால் இலையுதிர்காலக் குளிர். அத்தனை பேரில் வெள்ளை உடுப்பில் நின்றவன் அவன் ஒருவன்தான். பிறகு சுயசரிதையில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

இரண்டாவது ஆள் நம்ம ராமானுஜன். 1914 மார்ச் 17, சென்னைத் துறைமுகம், 'நெவாசா' கப்பல். கேம்பிரிட்ஜ் போவதற்காக அவருடைய குடுமியை வெட்டினார்கள். வேட்டி போய் பேண்ட், காலர், டை வந்தது. முள்கரண்டியில் சாப்பிடப் பழக்கினார்கள். அம்மாவையும் மனைவியையும் அதற்கு முன்பே கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார். இந்தக் கோலத்தில் அவர்கள் தன்னைப் பார்க்கக் கூடாது என்று. கணக்கில் உலகத்தையே அசைக்கப் போகிற மனிதர், கண்ணாடி முன்னால் நின்று தலையைத் தடவிப் பார்த்திருப்பாரா இல்லையா? எண்களுக்கு எந்த உடையும் தேவையில்லை. ஆனால் அந்த எண்களை எடுத்துக்கொண்டு போகிறவருக்குத் தேவைப்பட்டது.

மதுரையில் நடந்த திருப்பம்

காந்தி மறுபடி வருகிறார். 1921 செப்டம்பர். சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில். பெட்டியில் இருந்தவர்களிடம் கதர் கட்டச் சொன்னால், 'அதற்கெல்லாம் எங்களிடம் காசு ஏது' என்கிறார்கள். அவருக்கு உறைத்தது. செப்டம்பர் 22ஆம் தேதி காலை, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், முழு உடையை விட்டுவிட்டு முழங்கால் அளவு துண்டுக்கு மாறினார். அந்தக் கோலத்தில் அவர் முதலில் மக்கள் முன் தோன்றிய இடம் இன்றைக்கும் மதுரையில் 'காந்தி பொட்டல்'. கொடைக்கானலிலிருந்து 120 கிலோமீட்டர்தான்.

பத்து வருடம் கழித்து, 1931 ஆகஸ்ட் 29 அன்று, வட்டமேசை மாநாட்டுக்காக 'ராஜ்புதனா' கப்பலில் ஏறினார். இரண்டாம் வகுப்பு, அதே துண்டு. 43 வருடத்துக்கு முன் சாப்பாட்டு மேசைக்குப் போக வெட்கப்பட்ட அதே ஆள்! நவம்பர் 5 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் கொடுத்த தேநீர் விருந்துக்கும் அப்படியே போனார், மேலே ஒரு சால்வை மட்டும். அந்த வருட ஆரம்பத்தில்தான் சர்ச்சில், இந்த ஆள் அரை நிர்வாணமாக வைஸ்ராய் மாளிகைப் படியேறுகிறாரே என்று எரிச்சலைக் கொட்டியிருந்தார். இப்போது அரசர் மாளிகைப் படியே ஏறியாகிவிட்டது.

ஆனால் கதை இதோடு முடியவில்லை

இங்கேயே நிறுத்தினால் 'கோட்டு அடிமைத்தனம், வேட்டி விடுதலை' என்று அழகாக முடித்துவிடலாம். பேச்சுப் போட்டியில் கைதட்டல்கூடக் கிடைக்கும். ஆனால் உண்மை அவ்வளவு நேர்க்கோடு இல்லை.

அதே மாநாட்டுக்கு அம்பேத்கரும் போனார். கோட்டும் சூட்டுமாக. நம்ம ஊர் இரட்டைமலை சீனிவாசனும் போனார். தான் 'தீண்டத்தகாதவன்' என்று எழுதிய அடையாளத்தைத் தன் உடையில் குத்திக்கொண்டு மன்னர் முன் நின்றார் என்று சொல்வார்கள். இவர்கள் ஏன் துண்டுக்கு மாறவில்லை?

அதற்குப் பதில் ராமநாதபுரத்தில் இருக்கிறது. 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி போடக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது. நகை கூடாது. செருப்பு கூடாது, குடை கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. தேதியைக் கவனியுங்கள். காந்தி அரண்மனைக்குப் போவதற்குப் பதினோரு மாதம் முன்னால். காந்தி தானாக விரும்பித் துறந்த சட்டையை, இங்கே ஒருவன் விரும்பியும் போட முடியவில்லை. துறப்பதற்குக்கூட முதலில் அது உன்னிடம் இருக்க வேண்டும் அல்லவா?

இன்னும் பின்னால் போனால் தென் திருவிதாங்கூரின் தோள்சீலைக் கலகம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிவாங்கிப் போராடினார்கள். 1859 ஜூலையில், சென்னை கவர்னர் டிரெவெலியனின் நெருக்கடிக்குப் பிறகு, மகாராஜா அனுமதி கொடுத்தார். அதிலும் ஒரு நிபந்தனை: உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது! மறைப்பதில் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஒரே மாதிரி இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். எத்தனையோ கிராமங்களில், பெரிய வீட்டுக்காரர் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டும் என்ற வழக்கம் இருந்ததே, அதுவும் இதே சட்டப்புத்தகத்தின் இன்னொரு பக்கம்தான்.

கப்பல் சாப்பாட்டுக் கூடம் 'இதைப் போடாவிட்டால் உள்ளே வராதே' என்றது. நம்ம ஊர் 'இதைப் போட்டால் தெருவில் வராதே' என்றது. இரண்டையும் தராசில் வைத்தால் எது கனம் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் அம்பேத்கரின் கோட்டை வெள்ளைக்காரனைக் காப்பியடித்தது என்று சொல்ல முடியாது. எது மறுக்கப்பட்டதோ அதை எடுத்துப் போட்டுக்கொண்டார். காந்தி கழற்றியதும் அம்பேத்கர் போட்டதும், 'என் உடுப்பை நீ முடிவு செய்யாதே' என்று சொன்ன இரண்டு விதம்.

2014, சேப்பாக்கம்

வெள்ளைக்காரன் போய் 67 வருடம் ஆகப்போகிறது. 2014 ஜூலை 11. சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப். ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஒருவரின் புத்தக வெளியீட்டு விழா. அழைப்பின் பேரில் வந்தவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன். வேட்டி கட்டியிருந்தார். உள்ளே விடவில்லை. மூத்த வழக்கறிஞர்களுக்கும் அதே கதி. கிளப் விதியாம்!

நாடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. சட்டசபையில் எல்லாக் கட்சியும் ஒரே குரலில் கொதித்தது (இது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை). முதல்வர் ஜெயலலிதா இதை உடைச் சர்வாதிகாரம் என்று கண்டித்தார். ஆகஸ்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கிளப், சங்கம், அறக்கட்டளை, கம்பெனி எதுவானாலும், தன் கட்டுப்பாட்டில் உள்ள பொது இடத்தில் வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்து வருபவரைத் தடுத்தால், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். உரிமமும் ரத்தாகலாம்.

யோசித்துப் பாருங்கள். 1832இல் ஆரம்பித்த மெட்ராஸ் கிளப்பில் சுதந்திரம் வரைக்கும் இந்தியர் உறுப்பினராகவே முடியாது. அது அவர்கள் விதி. ஆனால் 2014இல் வாசலில் தடுத்த காவலாளியும் தமிழர், விதியை வைத்திருந்த நிர்வாகமும் நம்மவர்கள், தடுக்கப்பட்டவரும் நம்மவர். துரை கப்பலேறிப் போய்விட்டார். விதியை மட்டும் மேசை மேலேயே விட்டுவிட்டுப் போனார். நாம் அதைத் துடைத்துத் துடைத்துப் பத்திரமாக வைத்திருந்தோம்.

சரி, இப்போது கப்பலில்?

தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். போகலாம்! அதுதான் இந்தக் கதையில் ஆச்சரியமான இடம். உடை விஷயத்தில் ரொம்பக் கறார் என்று பெயர் வாங்கிய குனார்ட் கம்பெனியே, தன் விருந்து இரவுகளுக்கான குறிப்பில் முறையான தேசிய உடையையும் ஏற்றுக்கொள்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் பாவாடை மாதிரி இருக்கும் 'கில்ட்' கட்டி வரும்போது, பட்டு வேட்டியை எப்படி வேண்டாம் என்பது? பட்டுச் சேலைக்கு எப்போதுமே பெரிய சிக்கல் இருந்ததில்லை. வேறு பல கம்பெனிகள் ஃபார்மல் நைட்டையே தளர்த்திவிட்டன. நார்வீஜியன் 2000இலேயே 'இஷ்டப்படி வா' என்றது. செலிபிரிட்டி 2015இல் பெயரையே மாற்றிவிட்டது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஒரு உல்லாசக் கப்பல் கிளம்பியது. ராமானுஜன் குடுமி வெட்டிக்கொண்டு கப்பலேறிய அதே துறைமுகம்.

நம் வகுப்புக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று: பட்டமளிப்பு விழா. வேர்த்துக் கொட்ட நாம் போட்டுக்கொள்ளப் போகும் அந்தக் கறுப்பு அங்கி, ஐரோப்பியக் குளிர்நாட்டு மடாலயங்களின் வாரிசு. 2010 ஏப்ரலில் போபாலில் ஒரு பட்டமளிப்பு மேடையிலேயே அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதைக் கழற்றிப் போட்டார். பல்கலைக்கழக மானியக் குழுவும் பிறகு கைத்தறி அங்கிக்கு மாறச் சொன்னது. மாறினவர்களும் உண்டு, மாறாதவர்களும் உண்டு. எங்கள் வீட்டிலேயே கேட்டால், அந்தக் கறுப்பு அங்கியில் எடுத்த போட்டோதான் ஹாலில் மாட்ட வேண்டும் என்பார்கள். தலைமுறையில் முதல் பட்டம் வாங்கும் வீட்டுக்கு அந்த அங்கி காலனியச் சின்னம் இல்லை. மறுக்கப்பட்ட ஒன்று கைக்கு வந்ததன் அத்தாட்சி. அதையும் குறைத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை.

அழகாக உடுத்திக்கொண்டு பத்துப் பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில் ஒரு தப்பும் இல்லை. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் நாம் செய்வதும் அதுதான். உடை ஒரு மரியாதை, எதிரே உட்காருபவருக்கு நாம் கொடுப்பது. அதையே வாசலில் நிறுத்திக் கேட்டு வாங்கும்போது அது மரியாதை இல்லை, சுங்கம். அதனால் எந்த விருந்திலும் 'எல்லாரும் எவ்வளவு அழகாக உடுத்தியிருக்கிறார்கள்' என்று பார்த்தபின், இன்னொன்றையும் பார்ப்போம்: யார் வெளியே நிற்கிறார்?

2014 சட்டம் வேட்டிக்கு வாசலைத் திறந்துவிட்டது. வேட்டியில் வந்த நீதிபதிக்காக ஒரு மாதத்தில் சட்டம் வந்தது, நல்லதுதான். லுங்கி கட்டிக்கொண்டு, மலைக்காட்டில் கேரட் மூட்டை தூக்கிவிட்டு அப்படியே வருகிறவரை அதே வாசலில் நிறுத்தினால், அதற்கு எத்தனை மாதம் ஆகும்?